தானத்து மாட்டின் பல்: இலவச ஆன்டிவைரஸ்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். யார் சொல்லியிருப்பார்கள் இதை? மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் சொல்லியிருக்க மாட்டார். வயசு போன மாட்டைத் தள்ளிவிட்டவர்தான் சொல்லியிருப்பார். விமர்சனம் என்று நாம் செய்துகொண்டிருப்பதே பல்லைப் பிடித்துப் பார்க்கிற காரியம்தான் என்பதால், அந்தப் பழமொழியை மீறித்தான் எதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நான் இங்கே பார்க்க எடுத்துக்கொண்ட மாடு கொஞ்சம் விநோதமானது. 1980களின் பிற்பகுதியிலிருந்து வீட்டுக் கணிப்பொறிகளுக்காக இலவசமாக வழங்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள். 'இதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்' என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1990களில் வந்த தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவும் ஃப்ளாப்பியில் ஏறி டி.டி.பி. கடைக்கும் அச்சகத்துக்குமாக அலைந்தவை. கோட்பாட்டுக் கட்டுரையும் கவிதையும் போன அதே தட்டில் வைரஸும் போயிற்று. அதைத் துடைக்கிற நிரலும் இன்னொரு தட்டில் பின்னாலேயே வந்தது. அந்த நிரலை எழுதியது யார், எதற்காகச் சும்மா கொடுத்தார் என்று அன்றைக்கு யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

'இலவசம்' என்ற சொல்லோடு தமிழில் இப்போது இன்னும் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 2011க்குப் பிறகு அரசுத் திட்டங்களில் 'விலையில்லா' என்ற சொல் வந்தது. மென்பொருள் இயக்கத்தார் 'கட்டற்ற' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். முதல் சொல்லில் கொடுப்பவரின் கை தெரிகிறது. இரண்டாவதில் பொருளின் மீதிருந்து விலைச்சீட்டு மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவதில்தான் வாங்கியவர் அதை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்வி வருகிறது. ஆன்டிவைரஸ் வரலாற்றை இந்த மூன்று சொற்களுக்கு நடுவே வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் தரப்பு. வைரஸ் எழுதியவன் வில்லன், ஆன்டிவைரஸ் எழுதியவன் நாயகன், நடுவில் ஒன்றும் அறியாத பயனாளி என்கிற கதையாடலை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்.

2

முதலில் இரண்டு பிரதிகள்.

1986இல் லாகூரில் பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது 'பிரெய்ன்'. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் இதுதான். 360 கிலோபைட் ஃப்ளாப்பியில் பூட் செக்டர் என்று 512 பைட் இடம் ஒன்று உண்டு. அந்தத் தட்டை வைத்துக் கணிப்பொறியைக் கிளப்பினால் முதலில் வாசிக்கப்படுவது அந்த இடம்தான். பிரெய்ன் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, அசல் பூட் செக்டரை வேறு இடத்துக்கு நகர்த்தி, அந்த இடத்தைக் 'கெட்ட பகுதி' என்று குறித்துவிடும். அது நினைவகத்தில் இருக்கும்போது யாராவது பூட் செக்டரைப் பார்க்க வந்தால் பழைய, சுத்தமான முகத்தை எடுத்துக் காட்டும்.

அந்த 512 பைட்டுக்குள் எழுதியிருந்ததைக் கவனியுங்கள். எழுதியவர்களின் பெயர், கடையின் முகவரி, தொலைபேசி எண்கள். இந்த வைரஸிடம் எச்சரிக்கையாக இருங்கள், தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு. நோயும் மருந்துக்கடையின் பெயர்ப்பலகையும் ஒரே கையெழுத்தில். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுப்பவர்களைக் கண்டுபிடிக்கவே இதைச் செய்ததாகச் சகோதரர்கள் பின்னாளில் சொன்னார்கள். 2011இல் ஃபின்லாந்து நிபுணர் மிக்கோ ஹைப்போனன் லாகூருக்குப் போனபோது அதே முகவரியில் அவர்களைச் சந்தித்துப் பேசவும் முடிந்தது. தலைமறைவாக இருக்கும் வில்லன் இப்படி முகவரி கொடுப்பானா?

இரண்டாவது பிரதி 1989 டிசம்பரில் தபாலில் வந்தது. லண்டனிலிருந்து ஏறத்தாழ 20,000 ஃப்ளாப்பிகள் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. எய்ட்ஸ் பற்றிய தகவல் தருவதாகவும், நோய் தொற்றும் வாய்ப்பு உங்களுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்வதாகவும் அந்தத் தட்டு சொல்லிக்கொண்டது. கேட்காமலே வீடு தேடி வந்த சும்மாச் சரக்கு. ஆனால் கூடவே அச்சடித்த ஓர் உரிம ஒப்பந்தம் இருந்தது. பயன்படுத்துகிறவர் பனாமாவில் உள்ள ஒரு தபால்பெட்டிக்குப் பணம் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கணிப்பொறி சரிவர இயங்காமல் போகலாம் என்று அதில் எச்சரிக்கப்பட்டிருந்தது. யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? கணிப்பொறியைச் சுமார் 90 தடவை கிளப்பியபின் கோப்புகளின் பெயர்கள் சங்கேதமாக மாறிப்போயின. திரையில் 189 டாலர் கேட்டு அறிவிப்பு வந்தது. இதற்காகக் கைது செய்யப்பட்ட ஜோசஃப் பாப் என்ற உயிரியலாளர், மனநிலை காரணமாக வழக்கு விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று பிரிட்டனில் விடுவிக்கப்பட்டார்.

இந்தத் தட்டுக்கு எதிர்வினையாக பிரிட்டனில் ஜிம் பேட்ஸ் என்பவர் இரண்டு நிரல்கள் எழுதினார். ஒன்று பாப்பின் நிரலை அகற்றும், மற்றொன்று மறைந்த கோப்புகளை மீட்கும். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். ஆக, ஒரே நிகழ்வில் இரண்டு 'இலவசங்கள்' நேருக்கு நேர் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டும் ஃப்ளாப்பி, இரண்டும் அந்நியர் ஒருவர் அனுப்பியது, இரண்டுக்கும் காசு கேட்கவில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது? கொடுத்தவரின் நல்லெண்ணத்தில் என்று சொல்லிவிட்டால் விமர்சனத்துக்கு வேலை முடிந்துவிடும். அப்படி முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

3

1987 முதல் ஐந்தாறு ஆண்டுகள் உண்மையிலேயே ஒரு கொடைக்காலம். ஜெர்மனியில் பெர்ன்ட் ஃபிக்ஸ் 1987இல் 'வியன்னா' வைரஸை அகற்ற நிரல் எழுதினார். அதே ஆண்டு ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில், 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் கோப்புகளை அழிக்கும் வைரஸ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கிருந்தவர்களே முறிவு மருந்தும் எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நார்ஸ்டாட் 1989இல் மெக்கின்டோஷ் கணிப்பொறிகளுக்காக 'டிஸ்இன்ஃபெக்டன்ட்' நிரலை எழுதி வெளியிட்டார். அன்று தொடங்கி நிறுத்தும்வரை அதற்கு அவர் காசு வாங்கவில்லை. அதே 1989இல் ஐஸ்லாந்தில் ஃப்ரிட்ரிக் ஸ்கூலாசன் 'எஃப்-ப்ராட்' நிரலைத் தொடங்கினார். வீட்டில் பயன்படுத்துவோருக்கு இலவசம், நிறுவனங்களுக்குக் கட்டணம்.

இவை பரவிய விதம்தான் முக்கியம். தொலைபேசிக் கம்பி வழியாக, பத்திரிகையோடு ஒட்டிவந்த தட்டு வழியாக, நண்பர் கையிலிருந்து நண்பர் கைக்கு. அதாவது வைரஸ் போன பாதையிலேயே மருந்தும் போயிற்று. மென்பொருள் வியாபாரிகள் அந்தப் பாதையைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 'ஃப்ளாப்பியைக் கண்டவனிடமும் வாங்காதே, உறை பிரிக்காத சரக்கை மட்டும் வாங்கு' என்பது அன்றைய அறிவுரை. எய்ட்ஸ் பற்றிய ஒழுக்கவாதச் சொல்லாடல் உச்சத்தில் இருந்த காலம் அது. தொற்று, தடுப்பூசி, பாதுகாப்பற்ற பரிமாற்றம் என்று அங்கிருந்த சொற்களெல்லாம் இங்கே குடியேறின. பகிர்தல் என்பதே நோய்க்கூறாகச் சித்திரிக்கப்பட்டது.

உண்மை வேறாக இருந்தது. 1988இல் ஆல்டஸ் நிறுவனத்தின் 'ஃப்ரீஹேண்ட்' மென்பொருள், உறை பிரிக்காத அசல் தட்டிலேயே ஒரு வைரஸைச் சுமந்துகொண்டு கடைகளுக்குப் போனது. 1992 தொடக்கத்தில் 'லீடிங் எட்ஜ்' நிறுவனம் விற்ற சுமார் 500 புதுக் கணிப்பொறிகளில் 'மைக்கேலாஞ்சலோ' வைரஸ் ஏற்கெனவே இருந்தது. காசு கொடுத்து வாங்கிய சரக்கில் நோய், சும்மா கைமாறிய தட்டில் மருந்து. தீட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர் பக்கம் தீட்டு இருக்காது. இதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

4

இத்தனை நல்ல கொடை ஏன் நிலைக்கவில்லை? 'பணம் கெடுத்துவிட்டது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். பணத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. அதைப் பட்டியல் என்று அழைக்கிறேன்.

அன்றைய ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டைச் சோதிக்கிற நிரல். ஒவ்வொரு வைரஸிலும் வேறெங்கும் வராத ஒரு பைட் வரிசையைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும். அதை அங்க அடையாளம் என்று சொல்லலாம். கோப்பில் அந்த வரிசை தென்பட்டால் கூச்சல் போடும். பட்டியலில் இல்லாதது கண்ணுக்குத் தெரியாது. காவல்நிலையத்தில் மாட்டி வைத்திருக்கும் 'பழைய குற்றவாளிகள்' படப்பலகை மாதிரி. பலகையில் இல்லாதவன் எதிரிலேயே நின்றாலும் யோக்கியன், பலகையில் இருக்கிறவன் என்ன செய்தாலும் திருடன்.

1990 வாக்கில் வைரஸ்கள் சில நூறு. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஆயின. 1992இல் பல்கேரியாவிலிருந்து 'டார்க் அவெஞ்சர்' என்ற புனைபெயர்க்காரர் உருமாற்று எந்திரம் ஒன்றை வெளியிட்டார். அதைச் சேர்த்துக்கொண்ட வைரஸ் ஒவ்வொரு தொற்றிலும் வேறு உருவம் எடுக்கும், நிலையான அங்க அடையாளம் கிடைக்காது. பட்டியல் காப்பவருக்கு இரவும் பகலும் வேலை. நேற்றைய நிரல் இன்றைக்கு உதவாது. கொடுத்து முடித்துவிடக் கூடிய கொடையாக அது இல்லை. மாடாவது ஒரு தடவை தானம் செய்வது, இது தினம் பால் ஊற்றுகிற கடமை.

அந்த உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது? இரண்டு விடைகள் கிடைத்தன.

முதல் விடை ஜான் மெக்கஃபி. 1987இல் அவர் தொடங்கிய நிறுவனம் தன் நிரலைத் தொலைபேசி வழி யாரும் எடுத்துக்கொள்ளும்படி விட்டது. வீடுகளில் பரவட்டும், அலுவலகங்கள் பணம் கட்டட்டும் என்பது திட்டம். சும்மா பரவிய ஒவ்வொரு பிரதியும் சம்பளமில்லாத விற்பனையாளராக வேலை செய்தது. பிறகு 1992 மார்ச் 6 வந்தது. அன்று மைக்கேலாஞ்சலோ வைரஸ் வன்தட்டின் தகவல்களை அழிக்கும் என்று உலகப் பத்திரிகைகள் பீதியைக் கிளப்பின. 50 லட்சம் கணிப்பொறிகள்வரை பாதிக்கப்படலாம் என்ற கணிப்பு மெக்கஃபியின் பெயரோடு அச்சாயிற்று. அந்த ஒரு வைரஸை மட்டும் பிடிக்கும் நிரலைச் சில நிறுவனங்கள் இலவசமாக அள்ளிக் கொடுத்தன. நாள் வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்கள், மிஞ்சிப்போனால் 20,000 என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மெக்கஃபியின் நிறுவனம் பங்குச்சந்தைக்குள் நுழைந்தது. அந்த வைரஸுக்குள் மைக்கேலாஞ்சலோ என்ற பெயரே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்ச் 6 அந்தச் சிற்பியின் பிறந்தநாள் என்பதால் கண்டுபிடித்தவர்கள் சூட்டிய பெயர் அது. பெயர் சூட்டுகிறவர்தான் கதையை எழுதுகிறார். இங்கே கொடுக்கப்பட்டது மருந்து, வளர்க்கப்பட்டது பயம், அறுவடையானது பங்கு.

இரண்டாவது விடை நார்ஸ்டாட். அவர் பயத்தை விற்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் தனியாளாக, பல நாட்டு நண்பர்கள் சிலரின் உதவியோடு பட்டியலைக் காத்தார். மைக்ரோசாஃப்ட் வேர்ட் ஆவணங்களுக்குள் ஒளிந்து பரவும் மேக்ரோ வைரஸ்கள் வந்தபோது அவற்றைப் பிடிக்கும் வேலை அவருடைய நிரலுக்கு அப்பாற்பட்டதாயிற்று. அரைகுறைப் பாதுகாப்பை நம்பி மக்கள் ஏமாறக் கூடாது என்று 1998 மே மாதம் நிரலை நிறுத்திவிட்டு, விலைக்கு விற்கும் ஆன்டிவைரஸ்களுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். இந்த நேர்மையை நான் வணங்குகிறேன். வணங்கிவிட்டுச் சொல்கிறேன், இது ஒரு தோல்வியும்கூட. அவருடைய தனிப்பட்ட தோல்வி என்று அதைக் கொள்ள முடியாது. ஒரு மனிதரின் இரவுகளை ஒன்பது ஆண்டுகள் தின்றுகொண்டே 'இலவசமாக் கிடைக்குது' என்று சொல்லிக்கொண்டிருந்த சமூகத்தின் தோல்வி அது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவரின் சம்பளத்திலும் அவர் வீட்டுப் பெண்களின் நகையிலும் வந்த இதழ்களை 'இயக்கம்' என்று கொண்டாடிவிட்டு, நின்றபின் அஞ்சலி எழுதிய மரபுதானே நம்முடையது.

5

பட்டியலை ஏன் எல்லோருமாகச் சேர்ந்து காத்திருக்கக் கூடாது? டிஸ்இன்ஃபெக்டன்டின் மூல நிரலை நார்ஸ்டாட் பெருமளவுக்கு வெளிப்படையாகவே கொடுத்தார். ஆனால் வைரஸைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பகுதியை மட்டும் கொடுக்கவில்லை. வைரஸ் எழுதுகிறவர்களுக்கு வழிகாட்டியாகிவிடும் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனாலும் அதன் விளைவைப் பார்க்க வேண்டும். கொடையின் மையமான அறிவு கொடையாளரின் கையிலேயே தங்கிவிடுகிறது. நம்மிடம் வந்து சேர்வது தீர்ப்பு மட்டும், தீர்ப்புக்கான காரணம் வருவதில்லை.

காவலரையே நம்ப முடியுமா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. ராஸ் க்ரீன்பெர்க் எழுதிய 'ஃப்ளூஷாட்' என்ற பாதுகாப்பு நிரலின் பெயரில் நாசகார நிரல் ஒன்று உலவியது. டார்க் அவெஞ்சர் 1989இல் எழுதிய வைரஸ் இன்னும் குரூரமானது. அது நினைவகத்தில் இருக்கும்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கோப்பில் தொற்றிக்கொள்ளும். இந்த நேரத்தில், வைரஸை அடையாளம் தெரியாத ஓர் ஆன்டிவைரஸ் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து சோதித்தால் என்ன ஆகும்? சோதித்த கோப்பிலெல்லாம் வைரஸ் ஏறிவிடும். கண்காணிப்பே தொற்றின் வாகனமாகிற இந்த இடத்தை நாம் வெறும் தொழில்நுட்ப விபத்தாக வாசிக்க வேண்டியதில்லை.

'வைரஸ்' என்ற பெயரைக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்த ஃப்ரெட் கோஹன் 1984இலேயே ஒன்றை நிறுவியிருந்தார். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று தவறாமல் சொல்லிவிடும் நிரலை எழுத முடியாது. அப்படியொன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதையே கலந்தாலோசித்து, அது 'வைரஸ்' என்று சொன்னால் சும்மா இருக்கும், 'வைரஸ் இல்லை' என்று சொன்னால் பரவும் ஒரு நிரலை எழுதிவிடலாம். தீர்ப்பு எப்படியும் பொய்த்துப்போகும். 'தீர்மானிக்க முடியாமை' என்று கேட்டவுடன் துள்ளிக் குதிக்கிற கோட்பாட்டு நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதிலிருந்து எனக்குக் கிடைப்பது ஒரு நடைமுறைப் பாடம்தான். முழுப் பாதுகாப்பு என்று விற்கப்படுவது பொய், சும்மா கொடுத்தாலும் பொய். பட்டியல் முடிவடையாது. ஆகவே பட்டியல் காப்பவரின் அதிகாரமும் தானாக முடிவடையாது.

6

2000க்குப் பிறகு 'இலவசம்' மறுபடி வந்தது. ஏ.வி.ஜி., அவாஸ்ட் முதலிய நிறுவனங்கள் வீட்டுக் கணிப்பொறிகளுக்கு விலையில்லாமல் கொடுத்தன. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். திருட்டு விண்டோஸும் இலவச ஆன்டிவைரஸுமாகத்தான் நம்மூர் கணிப்பொறிகள் பலவும் ஓடின. கூலி எங்கிருந்து வந்தது? 2020 ஜனவரியில் ஒரு பகுதி தெரிந்தது. அவாஸ்ட் தன் துணை நிறுவனமான 'ஜம்ப்ஷாட்' வழியாகப் பயனாளிகளின் இணைய உலாவல் தடங்களை விற்றுவந்திருக்கிறது. விஷயம் வெளியானதும் அதை மூடினார்கள். 2024இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படி அவாஸ்டைப் பணித்தது. 100க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் தரவு போனது என்றது ஆணையம். நம்மைப் பின்தொடர்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொன்ன நிரல்தான் நம்மைப் பின்தொடர்ந்திருக்கிறது. பழைய சுத்த முகத்தை எடுத்துக் காட்டிய பிரெய்ன் நினைவுக்கு வரவில்லையா?

ஒப்பிட்டுப் பாருங்கள். லாகூர் சகோதரர்கள் முகவரி கொடுத்தார்கள். பாப் உரிம ஒப்பந்தத்தில் மிரட்டலையாவது அச்சடித்துக் கொடுத்தார். பெருநிறுவனத்தின் இலவசத்தில் விலை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஓர் ஆணையம் தேவைப்பட்டது.

மூன்றாவது சொல்லின் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. 2000களின் தொடக்கத்தில் போலந்தைச் சேர்ந்த தோமாஷ் கோய்ம் தொடங்கிய 'கிளாம்ஏவி' கட்டற்ற உரிமத்தில் வந்தது. நிரலையும் வாசிக்கலாம், பட்டியலையும் பிரித்துப் பார்க்கலாம். மின்னஞ்சல் வழங்கிகளில் நிறையவே பயன்பட்டது. அதுவும் 2007இல் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய், 2013இல் அந்த நிறுவனத்தோடு சேர்த்து சிஸ்கோவிடம் போனது. ஆக, கூலி கொடுப்பது இங்கேயும் ஒரு பெருநிறுவனம்தான். கட்டற்றது என்பதாலேயே உழைப்புப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டை நான் வற்புறுத்துவேன். நாளைக்கு அந்த நிறுவனம் கைவிட்டாலும் வேறு யாராவது எடுத்து நடத்தலாம், சந்தேகம் வந்தால் திறந்து பார்க்கலாம். அந்த உரிமை நன்றிக்கடனாகக் கிடைத்தது இல்லை, உரிமமாக எழுதிக் கொடுக்கப்பட்டது.

7

ஜிம் பேட்ஸின் தட்டுக்கும் பாப்பின் தட்டுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியை அந்தரத்தில் விட்டிருந்தேன். நல்லெண்ணத்தை அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஆனால் கொடையின் அமைப்பை அளக்கலாம். பேட்ஸ் கொடுத்தது வேலை முடிந்ததும் உங்களை விட்டுவிடுகிறது. பாப் கொடுத்தது உங்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வாங்கியவரைத் தன்னிடம் திரும்பத் திரும்ப வரவைக்கிற கொடை எதுவானாலும், அதன் பல்லைப் பார்க்காமல் கொட்டிலில் கட்டக் கூடாது.

பெரிய ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் சின்னதாக ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டால் அந்தத் தட்டில் எதையும் எழுத முடியாது, எந்த வைரஸும் ஏறாது. சுத்தமான தட்டில் ஒட்டுத்தாள் ஒட்டிப் பத்திரப்படுத்தி, அதை வைத்துக் கணிப்பொறியைக் கிளப்பிய பிறகுதான் சோதிக்க வேண்டும் என்று அந்தக்கால நிரல்களோடு வந்த விளக்கக் குறிப்புகள் கற்றுக்கொடுத்தன. எனக்குத் தெரிந்து அந்தக் கொடைக்காலத்தின் மிகச் சிறந்த கொடை இந்த அறிவுதான். இதற்குப் பட்டியல் வேண்டாம், சந்தா வேண்டாம், கற்றவர் மறுநாளே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

இன்றைக்கு விண்டோஸுக்குள்ளேயே ஆன்டிவைரஸ் வந்துவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொட்டு அதைத் தேடிப்போக வேண்டியதில்லை. கொடுப்பவர் கையே கண்ணுக்குத் தெரிவதில்லை. கை தெரியாத கொடையை விமர்சிப்பதுதான் கடினம். அமைப்புகளும் இதழ்களும் தங்கள் உறுப்பினர் பட்டியல், கடிதப் போக்குவரத்து, வெளிவராத எழுத்து அனைத்தையும் சும்மா கிடைக்கிற இடங்களில் போட்டு வைத்திருக்கும் காலத்தில், ஆன்டிவைரஸ் வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளையாவது எடுத்துக்கொள்ளலாம். இதைக் காக்கிற உழைப்பு யாருடையது, அவருக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? எது ஆபத்து என்ற பட்டியலை எழுதுவது யார், அதை நாம் வாசிக்க முடியுமா? கொடுத்தவர் நாளைக்குக் கையை எடுத்துக்கொண்டால் நம் கையில் மிஞ்சுவது என்ன?

மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றுமில்லை' என்ற பதில் வருமானால், நாம் வாங்கிக்கொண்டது தானம் இல்லை. மாட்டுக்காரர் மாட்டை நம் கொட்டிலில் கட்டிவிட்டு, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.